எட்டாம் நாள் கத்தியும் ஞானஸ்நானத் தண்ணீரும்

அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் அவர்களுடைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தோம். பூண்டும் நல்லெண்ணெயும் கலந்த பத்தியக் குழம்பு வாசம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அம்மா குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு முதலில் கேட்டது, "ஞானஸ்நானம் எப்ப வச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை பெந்தெகொஸ்தே சபை. பணிவான பிள்ளை. "பாட்டி, அவ வளந்து, தானா விசுவாசிச்சு எடுக்கட்டும்" என்றார்.

"ஆபிரகாம் வீட்டுல எட்டாம் நாளே பிள்ளைக்கு அடையாளம் போட்டாங்க. எட்டு நாள் குழந்தை என்னத்த விசுவாசிச்சுச்சு?"

"அது விருத்தசேதனம் பாட்டி. இது ஞானஸ்நானம். ரெண்டும் ஒண்ணா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சபையில் வேதபாடம் எடுப்பவன் நான்தான். பிள்ளை அழ ஆரம்பித்ததால் அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் "ரெண்டும் ஒண்ணா?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. அதற்காக ஒருவருடைய உயிரே போயிருக்கிறது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். விருத்தசேதனம் என்பதில் வரும் 'விருத்தம்' முதுமையைக் குறிப்பதல்ல. வட்டம் என்று பொருள். சேதனம், வெட்டுதல். வட்டமாக வெட்டுவது. நம் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் சுன்னத்து என்பது இதைத்தான். ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு என்கிறார்கள். ஒன்றில் கத்தி, இன்னொன்றில் தண்ணீர். வெளிப்பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் சிங்கப்பூரில் பூகிஸ் பக்கம் ஒரு நடை நடந்தால் உறவு புரியும். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் 1878-இல் திறந்த யூத ஜெப ஆலயம் இருக்கிறது. 'பிதாக்களின் கேடயம்' என்று பொருள்படும் எபிரெயப் பெயர் அதற்கு. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் என்பது அந்தச் சமயத்தார் இன்றுவரை விடாத வழக்கம். சில நிமிட நடையில் ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை. மெதடிஸ்டுகள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். ஓஃபிர் சாலைக்குத் திரும்பினால், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்து 1888-இல் அர்ச்சிக்கப்பட்ட லூர்து மாதா கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் சுல்தான் பள்ளிவாசல். நான்கு வாசல்களிலும் ஆபிரகாமைத் தகப்பன் என்கிறார்கள். அந்தத் தகப்பனுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் இப்போது யாரிடம், எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் சண்டை.

வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 17-ஆம் அதிகாரத்துக்குப் போவோம். ஆபிரகாமுக்கு வயது 99. அன்றைக்கு அவனும், 13 வயது இஸ்மவேலும், வீட்டில் பிறந்தவர்களும், பணத்துக்கு வாங்கிய அடிமைகளும் ஒரே நாளில் விருத்தசேதனம் பெறுகிறார்கள். அதற்கு மறுவருஷம் பிறக்கும் ஈசாக்குக்கு எட்டாம் நாளிலே செய்கிறார்கள். இதில் ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று 15-ஆம் அதிகாரமே சொல்லிவிட்டது. அது நடந்து குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் கத்தி வருகிறது. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான்: விருத்தசேதனம் இல்லாத காலத்திலேயே விசுவாசத்தால் கிடைத்த நீதிக்கு அது ஒரு முத்திரை.

ஆபிரகாமுக்கு விசுவாசம் முதலில், அடையாளம் பிறகு. ஈசாக்குக்கு அடையாளம் முதலில், விசுவாசம் பிறகு. ஒரே கூடாரத்தில் இரண்டு வரிசையும் இருந்தது. எங்கள் வீட்டு வாக்குவாதத்தில் மாப்பிள்ளை ஆபிரகாமைக் காட்டினார், அம்மா ஈசாக்கைக் காட்டினார். அதற்குக் காரணமும் உண்டு. மாப்பிள்ளையின் பெற்றோர் திருமணத்துக்குப் பிறகு கிறிஸ்துவுக்குள் வந்தவர்கள். அவர்கள் வீட்டில் எல்லாரும் ஆபிரகாமைப் போலத்தான் வந்தார்கள். அம்மா நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர். அவருக்கு விசுவாசம் என்பது தாய்ப்பாலோடு வந்தது.

பழைய ஏற்பாடே இந்த அடையாளத்தைத் தோலோடு நிறுத்திவிடவில்லை. "இருதயத்தை விருத்தசேதனம் பண்ணுங்கள்" என்ற பொருளில் உபாகமம் 10-இல் மோசே பேசுகிறார். எரேமியா 4-இல் தீர்க்கதரிசி அதையே கோபத்தோடு சொல்கிறார். உபாகமம் 30-இல் இன்னும் ஒரு படி மேலே: அதைக் கர்த்தரே செய்வார். மனிதன் கத்தியால் செய்வது, செய்ய வேண்டிய வேறொன்றுக்கு அடையாளம் என்பது புதிய ஏற்பாட்டில் முளைத்த கருத்து அல்ல.

இனி சபை வரலாறு. இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் வட ஆப்பிரிக்காவில், கி.பி. 253 வாக்கில் நடந்தது. ஃபீடுஸ் என்ற ஆயர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டும், விருத்தசேதனக் கணக்கு அதுதானே என்று கார்த்தேஜின் பேராயர் சிப்ரியானுக்கு எழுதினார். இன்னொன்றும் சொன்னார்: பிறந்து சில நாளே ஆன குழந்தையை முத்தமிட மனம் கூசுகிறது, அது சுத்தமாக இல்லை. நம் ஊரில் தீட்டு என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே உணர்வு. சிப்ரியானோடு கூடிய 66 ஆயர்கள் ஒருமனதாக மறுத்தார்கள். எட்டாம் நாள் என்பது வரப்போகும் உயிர்த்தெழுதலின் நாளுக்கு நிழல். நிஜம் வந்தபின் நிழலின் கணக்கு எதற்கு என்றார்கள். ஓய்வுநாளுக்கு அடுத்த நாள், ஏழுக்குப் பின் வரும் எட்டு, கிறிஸ்து எழுந்த ஞாயிறு. முத்தத்துக்கு சிப்ரியான் சொன்ன பதில் அதைவிட அழகு. பச்சைக் குழந்தையை முத்தமிடும்போது, அதை இப்போதுதான் உருவாக்கி முடித்த கடவுளின் கைகளையே முத்தமிடுகிறோம் என்ற பொருளில் எழுதினார். தெம்பனிஸில் அம்மா குழந்தையின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாரும் சிப்ரியானைப் போல நினைக்கவில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முந்தி, அதே கார்த்தேஜில், தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் குழந்தைகளுக்கு அவசரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். ஆக மாப்பிள்ளைக்கும் பழைய துணை உண்டு. பிறகு இறையியல் அறிஞர்கள் அகுஸ்தீன், அவருக்குப் பின் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், பிறவியிலேயே ஒட்டிவரும் ஜென்மப் பாவத்தை முன்னிறுத்தி இரண்டையும் இணைத்தார்கள்: பழைய காலத்தில் விருத்தசேதனத்தின் வழியாகக் கிடைத்த மன்னிப்பு இப்போது ஞானஸ்நானத்தின் வழியாக, இன்னும் நிறைவாகக் கிடைக்கிறது. கத்தோலிக்கப் பார்வைக்கு அடித்தளம் அது.

அம்மா பேசியது வேறு மொழி. அவருக்கே தெரியாமல் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து மொழியைப் பேசினார்.

1525 ஜனவரி 21. சூரிச்சில் ஒரு வீட்டில் கூடிய சிலர், குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று ஒருவருக்கொருவர் மறுபடி கொடுத்துக்கொண்டார்கள். சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லியின் சீடர்களாக இருந்தவர்கள் அவர்கள். வேதத்தில் எங்கே குழந்தை ஞானஸ்நானம் என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். ஸ்விங்லி தேடிப் பிடித்த பதில்தான் உடன்படிக்கை, கடவுள் தம் ஜனத்தோடு செய்த ஒப்பந்தம். கடவுளின் உடன்படிக்கை ஒன்றே. ஆபிரகாம் முதல் நம்மட்டும் ஒரே ஜனம். அன்று உடன்படிக்கைப் பிள்ளைகளுக்கு விருத்தசேதனம், இன்று அதன் இடத்தில் ஞானஸ்நானம். இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின் இதை விரித்து எழுதினார். 1563-இன் ஹைடல்பர்க் வினாவிடை இதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் 1756-இல் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டார். அந்த வழியில்தான் அது மெதடிஸ்ட் வீடுகளுக்கும், அம்மாவின் வாய்க்கும் வந்து சேர்ந்தது.

இந்த வாதம் பிறந்த ஊரிலேயே ரத்தப்பழியும் சேர்ந்தது. 1527 ஜனவரி 5 அன்று, மறு ஞானஸ்நானத்தை விடாத ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கையையும் காலையும் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தது சூரிச் நகராட்சி. தண்ணீரைப் பற்றிப் பேசியவருக்குத் தண்ணீரிலேயே மரணம். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிறவன் நான். இந்த வரியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, 'அதன் இடத்தில் இது' என்ற வாதம் நிற்குமா? நேராகப் பார்ப்போம்.

இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் வசனம் புதிய ஏற்பாட்டில் ஒன்றே ஒன்று: கொலோசெயர் 2:11-12. யூதர் அல்லாத விசுவாசிகளிடம் பவுல் சொல்கிறார், நீங்கள் 'கையால் செய்யப்படாத விருத்தசேதனத்தை' ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள். எதனால்? கிரேக்க மூலத்தில் இருப்பது 'கிறிஸ்துவின் விருத்தசேதனம்'. உடனே அடுத்த வரி, ஞானஸ்நானத்தில் அவரோடு அடக்கம்பண்ணப்பட்டீர்கள், அவரோடு எழுந்தீர்கள்.

'கிறிஸ்துவின் விருத்தசேதனம்' என்பதை, கிறிஸ்து நம் இருதயத்தில் செய்யும் விருத்தசேதனம் என்று வாசிப்பவர்கள் பலர். அதற்கு இடமுண்டு. கிறிஸ்து தாமே அனுபவித்தது என்று வாசிப்பவர்களும் உண்டு. லூக்கா 2:21 சொல்லும் எட்டாம் நாள் அல்ல, சிலுவை. நான் இரண்டாவது அணியில் இருக்கிறேன். காரணம் வரிசை. ஒருவர் அடக்கம்பண்ணப்படுகிறார், எழுகிறார் என்றால் அதற்கு முன்னால் என்ன வந்திருக்க வேண்டும்? சாவு. அந்த இடத்தில் பவுல் வைத்திருக்கும் சொல் விருத்தசேதனம். எட்டாம் நாள் கத்தி ஒரு துண்டுத் தோலை எடுத்தது. சிலுவையில் மாம்ச சரீரம் முழுவதுமே களையப்பட்டது.

நம் பழைய மொழிபெயர்ப்பு இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விருத்தசேதனம் பெறாதவன் தன் ஜனத்திலிருந்து 'அறுப்புண்டுபோவான்' என்கிறது ஆதியாகமம் 17:14. ஏசாயா 53:8-இல், கிறிஸ்துவைக் குறிப்பதாகச் சபை வாசிக்கும் பாடுபடும் தாசன் ஜீவனுள்ளோருடைய தேசத்திலிருந்து 'அறுப்புண்டுபோனார்'. எபிரெயத்தில் இரண்டும் வேறு வேறு வினைகள். அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் தமிழில் சத்தமாக வாசிக்கும்போது ஒன்றை ஒன்று தொடுகிறது. உடன்படிக்கையை மீறியவன்மேல் விழ வேண்டிய வெட்டு யார்மேல் விழுந்தது என்று காதே சொல்லிவிடுகிறது.

ஞானஸ்நானமும் அப்படித்தான். தமக்கு ஒரு ஸ்நானம் உண்டு, அது முடியுமளவும் எவ்வளவு நெருக்கப்படுகிறேன் என்று லூக்கா 12:50-இல் இயேசு சொல்வது தம் சாவைத்தான். ஆக ஒன்று போய் இன்னொன்று அதன் நாற்காலியில் உட்காரவில்லை. கத்தி அந்தச் சாவை முன்னால் நின்று சுட்டியது; தண்ணீர் அதைப் பின்னால் நின்று சுட்டுகிறது. 'மாற்று' என்ற சொல்லைவிட 'நிறைவு' என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்துகிறது. விருத்தசேதனம் நிறைவேறியது சிலுவையில். ஞானஸ்நானம் நம்மை அந்தச் சிலுவையோடு சேர்க்கிறது.

அப்போஸ்தலர் 15 இதை உறுதிப்படுத்துகிறது. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசியது ஒரே விஷயம்: புறஜாதி (யூதர் அல்லாத) விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டுமா? 'அதற்குப் பதில்தான் ஞானஸ்நானம், அதை வாங்கிவிட்டார்களே' என்பது உண்மையானால் ஒரு வாக்கியத்தில் பேச்சு முடிந்திருக்கும். சபைத் தலைவர்களான பேதுரு அதைச் சொல்லவில்லை, யாக்கோபும் சொல்லவில்லை. அவர்கள் பேசியது கிருபையையும், விசுவாசத்தால் சுத்தமான இருதயங்களையும், புறஜாதியார்மேல் இறங்கிய பரிசுத்த ஆவியையும். அடுத்த அதிகாரத்திலேயே, ஏற்கெனவே சீஷனாக இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் விருத்தசேதனம் செய்விக்கிறார், அங்கிருந்த யூதர்களை முன்னிட்டு. தம் உடன் ஊழியரான தீத்துவுக்கோ மறுத்துவிட்டார், அங்கே அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாக்கப் பார்த்தார்கள். யூத விசுவாசிகள் பல காலம் இரண்டையும் வைத்திருந்தார்கள். எகிப்து, எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களிடம் இரண்டும் இன்றும் உண்டு. மருத்துவக் காரணத்துக்காகச் செய்துகொள்பவர்களைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. அது விசுவாச விஷயம் அல்ல.

அம்மாவின் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆபிரகாம் வீட்டில் பணத்துக்கு வாங்கிய அடிமைக்கும் விருத்தசேதனம் நடந்தது. அதே கணக்கை அப்படியே கொண்டுவந்தால் நம் வீட்டு இல்லப் பணிப்பெண்ணுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். எந்தப் போதகரும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. அந்தப் பெண்ணின் மனசாட்சி அவருடையது. அப்படியென்றால் வீட்டுத்தலைவனின் சொல்லுக்கு எல்லாரும் அடையாளம் பெறும் அந்தப் பழைய அமைப்பு அப்படியே நம்மிடம் வரவில்லை என்று நாமே ஒத்துக்கொள்கிறோம். விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்திஸ்துகள் எரேமியா 31-ஐக் காட்டுவது இங்கேதான்: புதிய உடன்படிக்கையில் சிறியவன் முதல் பெரியவன் வரை எல்லாரும் கர்த்தரை அறிந்திருப்பார்கள். அறிந்தவர்களுக்குத்தானே அடையாளம் என்பது அவர்கள் கேள்வி. கனமான கேள்வி.

பிறகு ஏன் நான் இன்னும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிறேன்? பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு வாக்குத்தத்தம் 'உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்' என்றபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டாம் நாளில் அடையாளம் பெற்று வளர்ந்தவர்கள். இனிமேல் உங்கள் பிள்ளைகள் வெளியே நிற்கட்டும் என்று சொல்வதானால் அதை அவர்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். அப்போஸ்தலர் 16-இல் லீதியாள் வீட்டாரும் சிறைச்சாலைக்காரன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அங்கே குழந்தைகள் இருந்தார்களா என்று வேதம் சொல்லவில்லை, அதனால் அதை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. எனக்கு முக்கியம் வேறு. சிலுவை நடந்தபோது நான் விசுவாசிக்கவில்லை, பிறக்கவே இல்லை. முந்திக்கொண்டது கிறிஸ்து. பேசத் தெரியாத குழந்தையின் தலையில் தண்ணீர் விழும்போது அந்த முந்துதல் கண்ணுக்குத் தெரிகிறது. விருத்தசேதனத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான். யாருக்கெல்லாம் கொடுப்பது என்ற பட்டியலை அதிலிருந்து எடுக்க முடியாது.

இதை வெறும் ஏட்டறிவாக நான் எழுதவில்லை. இதே அண்ணன் மகளை 27 வருஷத்துக்கு முன் ஞானஸ்நானத் தொட்டி அருகில் ஏந்தி நின்றவன் நான். போதகர் உள்ளங்கையில் மூன்று முறை தண்ணீர் எடுத்து ஊற்றினார். மூன்றாவது முறை காதில் இறங்கிவிட, அவள் முகத்தைச் சுளித்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் சபை மறுபடி எடுக்கச் சொன்னது. ஈஸ்ட் கோஸ்ட் கடலில், சனிக்கிழமை காலை ஏழு மணி. வெள்ளைச் சட்டையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். பின்னால் தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. நான் கரையில் துண்டோடு நின்றேன். முதல் தண்ணீர் பொய்யென்று சொல்லிவிட்டாளே என்று அன்று நெஞ்சு வலித்தது. பிறகு கொலோசெயரை உட்கார்ந்து வாசித்தபின் அந்த வலி தணிந்தது. மறு ஞானஸ்நானம் தேவையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரண்டு தடவையும் அவள் அடக்கம்பண்ணப்பட்டது ஒரே சாவுக்குள். அந்தச் சாவு இரண்டாகவில்லை.

போன வாரம் அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். "அம்மா, ஆபிரகாம் வீட்டுல எட்டாம் நாள் அடையாளம் ஆம்பளப் பிள்ளைக்கு மட்டுந்தான். இவ அங்க பிறந்திருந்தா எட்டாம் நாளும் கிடையாது, எண்பதாம் நாளும் கிடையாது."

அம்மா இதை யோசித்திருக்கவில்லை. இத்தனை வருஷம் வேதபாடம் எடுத்த நானும் நின்று யோசித்ததில்லை. சாராளுக்கு அடையாளம் இல்லை, ரெபெக்காளுக்கு இல்லை, மரியாளுக்கு இல்லை. சமாரியாவில் பிலிப்பு பிரசங்கித்தபோதுதான், 'புருஷரும் ஸ்திரீகளும்' ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 8:12 குறிப்பாக எழுதுகிறது. கலாத்தியர் 3-இல் பவுல், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, உடனே 'நீங்கள் ஆபிரகாமின் சந்ததி' என்கிறார். பழைய அடையாளத்துக்கு நேர் மாற்று என்று மட்டும் பார்த்தால் இந்த இடம் கண்ணில் படாமல் போய்விடும். கத்தி எட்டாத உடம்பைத் தண்ணீர் தொட்டது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துவரச் சொன்னார். பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளேறிய தாள். எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசித்தார், அதற்குக் கீழே இருந்த தன் அம்மாவின் பெயரையும். வருகிற மாதம் மாப்பிள்ளையின் சபையில் பிள்ளையைப் பிரதிஷ்டை செய்கிறார்கள், அதாவது தண்ணீர் இல்லாமல் ஜெபித்துக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்கிறார்கள். ஞானஸ்நானம் எப்போது என்பதை அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா தேக்கா கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைத் துணி எடுத்து வந்திருக்கிறார்.